ஆறு வற்றும்வரை

நான் முதலில் கற்றுக்கொண்ட யப்பானியச் சொல் நாற்றைக் குறிப்பது. உருத்திரபுரத்தில், முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு அதைக் கற்றேன். பிற்காலத்தில் நான் எழுதிய கட்டுரைகளில் அந்தச் சொல்லுக்கு இடமே வரவில்லை. யப்பானிய இலக்கியத்துக்குள் எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் வயல் வழியாக வந்தேன் என்று சொல்வேன். அவர்கள் பகிடி என்று நினைப்பார்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் உருத்திரபுரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் யப்பான் முறையில் நெல் நடுவதைக் காட்டிக் கொடுக்க அந்த நாட்டிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அவருடைய ஆங்கிலம் விவசாயக் கந்தோரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கமக்காரருடைய தமிழ் அவருக்கு விளங்கவில்லை. கந்தோர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் சனிக்கிழமைகளிலும் நான் வயலில் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

அதுவரை விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்த கமக்காரரிடம், கயிறு பிடித்து நேர்வரிசையில் ஒவ்வொரு நாற்றாக நடச் சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்றபடி என்னிடம் சொன்னார்:

“கயிறு பிடிச்சு நட்டா நெல்லு நேரா நிக்கும், சரி. வயிறு நிறையுமோ எண்டு கேள் பிள்ளை.”

நான் அதை மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டேன். நிபுணர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாக யோசித்துவிட்டு, “நிறையும்” என்பதற்குத் தமிழில் என்ன என்று என்னிடம் கேட்டு, அந்த ஒரு சொல்லை அவரிடம் நேரே சொன்னார். அந்தப் போகம் பக்கத்து வயல்காரர் ஒரு மூலையில் மட்டும் வரிசையாக நட்டார்.

முதல் அறுவடை முடிந்த பிறகு நிபுணரின் மனைவி வந்து சேர்ந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஊரில் எல்லோரும் அவளை யப்பான் பிள்ளை என்றார்கள். வந்த புதிதில் வெயில் தாங்காமல் ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் இருப்பாள். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“தனிய இருந்து என்ன செய்யிறா? இஞ்சை கூட்டிக்கொண்டு வா. எங்கட வீட்டில காத்து வரும்.”

அப்படித்தான் தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவள் வாய்க்கால் பாலத்தைக் கடந்து வருவாள். நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவள் எனக்கு யப்பானிய எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் திறமான ஆசிரியைகள் இல்லை. அரை மணித்தியாலத்தில் பாடத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கிவிடுவோம்.

ஒருநாள் அவள் ஒரு புத்தகத்தோடு வந்தாள். நீலத் துணி அட்டை போட்டது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு வணிகரின் மனைவி எழுதிய பயணக் குறிப்பு என்றாள். அந்தக் காலத்து யப்பானில் சாதாரண சனம் நினைத்தபடி ஊர்விட்டு ஊர் போக முடியாது. கோயிலுக்கு என்றால் விடுவார்கள். அதனால் ஊர் பார்க்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் கோயிலுக்கென்று புறப்பட்டார்கள். இந்தப் பெண்ணும் மூன்று தோழிகளும் இசே என்ற பெருங்கோயிலுக்கு நடந்து போகிறார்கள். வழியில் சோதனைச் சாவடிகள். ஆண்களைவிடப் பெண்களைத்தான் அங்கே கூடச் சோதிப்பார்கள். அனுமதிச் சீட்டு வேண்டும். அதைப் பார்ப்பதோடு விடாமல், ஒரு கிழவி வந்து கூந்தலை அவிழ்த்துப் பார்ப்பாள்.

அவள் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சுளகோடு பக்கத்தில் இருந்தார். முதல் நாள் மரியாதைக்குக் கேட்டார். மூன்றாம் நாள் எங்களுக்கு முன்னமே வந்து இருந்துவிட்டார்.

“வழியில சமையல் ஆர்?” என்று அம்மா கேட்டார்.

நான் கேட்டுச் சொன்னேன். “விடுதியில சமைச்சுக் குடுப்பினமாம்.”

“ஒரு நேரமும் அடுப்படிக்குப் போகேல்லையோ?”

“இல்லையாம்.”

அம்மா கொஞ்ச நேரம் அரிசியைப் புடைக்காமல் இருந்தார்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாதையில் நடந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். மலைக்கணவாயில் மூடுபனி. தேநீர்க்கடையில் மாவுருண்டை. பின்னால் திரும்பிப் பார்த்தால் ஊர்க் கூரைகளின் புகை தெரிகிறது, பிறகு அதுவும் தெரியவில்லை. ஒரு விடுதியில் அடுத்த அறையில் யாருடையதோ குழந்தை இருமுகிறது. வணிகரின் மனைவிக்குத் தான் விட்டுவிட்டு வந்த மகளின் நினைவு வருகிறது. எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்கிறாள். குழந்தை இருமலை நிறுத்தியதும் அவளுக்கு இன்னும் கவலையாகிவிடுகிறது. இந்த இடத்தைச் சொல்லும்போது யப்பான் பிள்ளையின் குரல் மிகவும் தணிந்துவிட்டது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கு இலக்கியம் என்றால் என்ன என்று பல்கலைக்கழகத்தில் விளங்காதது அங்கே விளங்கியது போல இருந்தது.

பிறகு பெருமழை வந்தது. எங்களுக்கு இல்லை, அவர்களுக்கு. பாலம் இல்லாத பெரிய ஆறு. மற்ற நாட்களில் ஆட்கள் தோளில் சுமந்து கடத்துவார்கள். வெள்ளம் வந்தால் கடப்பதை நிறுத்திவிடுவார்கள். நான்கு பெண்களும் கரையிலுள்ள விடுதியில் மாட்டிக்கொண்டார்கள். காசு குறைகிறது. ஒருத்திக்குக் காய்ச்சல். திரும்பிப் போவதா, இருப்பதா என்று அவர்களுக்குள் சண்டை.

அந்த இடத்தில் நிபுணருக்கு மாற்றம் வந்தது. வேறு நாட்டில் அவசரமாக ஆள் தேவையாம். ஒரு கிழமைக்குள் ஜீப் வந்து சாமான்களை ஏற்றியது. யப்பான் பிள்ளை வாய்க்காலைக் கடந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “போட்டு வாறன்” என்றாள். அதை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிறகு நீல அட்டைப் புத்தகத்தை என்னிடம் தந்தாள்.

“மிச்சத்தை நீயே வாசி” என்றாள்.

எனக்கு அப்போது தெரிந்தது குழந்தைகள் படிக்கும் எழுத்து மட்டும். புத்தகத்தைத் திறந்தால், நெரிசலான சந்தையில் தெரிந்த முகம் ஒன்றிரண்டு தென்படுவது போல, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துகள் தெரியும். சொல் தெரியாது. அம்மா விடவில்லை. நெல் அவிக்கும்போதும், கோழிக்குத் தீன் போடும்போதும், “ஆறு வத்தினதோ பிள்ளை?” என்று கேட்பார். “இன்னும் இல்லை அம்மா” என்பேன். எங்கள் வீட்டில் அது பழகிப்போன பேச்சாகிவிட்டது. அப்பாகூட மழை நாட்களில், “உங்கட ஆக்கள் இண்டைக்கும் கடக்கமாட்டினம்” என்பார்.

ஆனால் எனக்குள்ளே அது வேறுவிதமாக வேலை செய்தது. வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆற்றங்கரை விடுதி வந்து நிற்கும். பார்த்திராத ஊருக்காக ஒருவர் ஏங்க முடியுமா? நான் ஏங்கினேன். கிளிநொச்சி ரயில் நிலையத்தில் வடக்கே போகும் வண்டியையும் தெற்கே போகும் வண்டியையும் ஒரே ஏக்கத்தோடு பார்த்தேன்.

யப்பானில் படிப்பதற்கான புலமைப்பரிசில் பற்றிப் பத்திரிகையில் வந்தபோது விண்ணப்பித்தேன். கொழும்பில் நேர்முகப் பரீட்சை. மற்றவர்கள் எல்லோரும் பொறியியலுக்கும் விவசாயத்துக்கும் வந்திருந்தார்கள். ஏன் இலக்கியம் என்று கேட்டார்கள். ஒரு ஆற்றங்கரையில் நான்கு பெண்களை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், அவர்களுக்கு என்ன நடந்தது என்று அறிய வேண்டும் என்றேன். ஒருவர் சிரித்தார். மற்றவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முழுக்கதையையும் சொல்லச் சொன்னார்.

இடம் கிடைத்தது. அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கலியாணப் பேச்சு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அம்மாதான் குசினியிலிருந்து வந்து சொன்னார்:

“அவள் போகட்டும். நானும் வந்த நாள் தொடக்கம் இந்த வாய்க்காலைத் தாண்டி எங்கை போனனான்?”

அப்பா அடுத்த நாள் சைக்கிளில் போய் எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்தார்.

கியோத்தோவில் முதல் இரண்டு வருடங்கள் மொழியோடேயே போயின. இன்றைய யப்பானிய மொழி வேறு, பழைய எழுத்து வேறு. மாதங்கள் போகப்போக எனக்கு உருத்திரபுரத்தின் மேல் ஏக்கம் வந்தது. பனி கொட்டும் காலையில், சூடு மிதித்த வைக்கோலின் மணம் எங்கிருந்தோ வந்தது போலத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று வரும் சத்தம் கனவில் வரும். வன்னியில் இருக்கும்போது யப்பானும், யப்பானில் இருக்கும்போது வன்னியும். அந்த ஊசலாட்டம் எனக்கு இன்றுவரை நிற்கவில்லை.

மூன்றாவது மாரியில்தான் நீலப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

சோதனைச் சாவடி இருந்தது. கூந்தலை அவிழ்த்த கிழவி இருந்தாள். மாவுருண்டை இருந்தது, அதன் விலையோடு. ஆனால் மூடுபனி இல்லை. பின்னால் தெரிந்த புகை இல்லை. எழுதியவள் இளம்பெண்ணும் இல்லை. வளர்ந்த ஆண்பிள்ளைகள் உள்ள, ஐம்பதை எட்டிய பெண். எத்தனை காததூரம் நடந்தார்கள், எந்த விடுதியில் தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் இவ்வளவுதான். அடுத்த அறையில் இருமிய குழந்தையைத் தேடினேன். அப்படியொரு குழந்தை இல்லை. மகளும் இல்லை. ஆற்றங்கரைக்கு வந்தேன். மழை, கடக்க விடவில்லை, அதே விடுதி. சில நாட்களுக்குப் பிறகு தண்ணீர் வடிந்தது, கடந்தார்கள். சண்டையும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

என் பேராசிரியரிடம் போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பின்னால் போகிறவர்களுக்கு வழி தெரிய எழுதியவை, மனதைச் சொல்ல எழுதியவை அல்ல என்றார். எனக்கு அழுகை வந்தது. நான் இவ்வளவு தூரம் வந்தது இல்லாத ஒரு புத்தகத்துக்காக.

யப்பான் பிள்ளை ஒருமுறை எங்களுக்குப் புதுவருட வாழ்த்து அனுப்பியிருந்தாள். அதிலிருந்த விலாசத்துக்கு எழுதினேன். வரச் சொன்னாள். வடக்கே, கடலோரத்தில் ஒரு சிறிய பட்டினம். ரயிலைவிட்டு இறங்கியபோது பனி முழங்காலுக்கு வந்தது. வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். ஒரு பெண்பிள்ளை திறந்தாள். எட்டு வயதிருக்கும்.

“அம்மா, வெளிநாட்டு மாமி வந்திருக்கிறா” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

எனக்குக் கணக்கு உடனே ஓடியது. உருத்திரபுரத்தில் எங்கள் தோழிக்குப் பிள்ளைகள் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா அவளுக்காகக் கோயிலில் நேர்த்தி வைத்தது கூட உண்டு.

அவளுடைய கணவர் அப்போது வேறொரு நாட்டில் வேலையில் இருந்தார். மாமியாருக்கும் மகளுக்கும் சாப்பாடு கொடுத்துவிட்டு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது எங்களுக்குள் யப்பானிய மொழி இருந்தது. ஆங்கிலத்தில் சொல்ல முடியாததை அவள் அதில் சொன்னாள்.

“அப்போது அவளுக்கு இரண்டு வயது. வெப்பநாடு, காய்ச்சல் வரும், குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டா. விட்டுவிட்டு வந்தேன்.”

“எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?”

“வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நாள்கூட அங்கே இருந்திருக்கமாட்டேன்.”

கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு அவளே தொடர்ந்தாள். “சில நாட்களில் நான் வாசிக்கவே இல்லை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா சொன்னேன். நீ அதை வாசிக்கிற அளவுக்குப் படிப்பாய் என்று நான் நினைக்கவில்லை.” சிரிக்கப் பார்த்தாள். “திரும்பி வந்தபோது இவள் என்னை மாமி என்றுதான் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிட ஒரு வருடம் எடுத்தது.”

பிறகு அவள் கேட்டதெல்லாம் எங்கள் ஊரைப் பற்றி. வாய்க்கால் பாலம் அப்படியே இருக்கிறதா? பக்கத்து வயல்காரர் முழு வயலும் வரிசையாக நடுகிறாரா? அம்மாவின் கையால் தேத்தண்ணியும் பனங்கட்டியும் இனி எப்போது? “அங்கே இருந்தபோது இந்தக் கடலுக்காக அழுதேன். இப்போது மத்தியானம் ஆனால் உங்கள் வீட்டுக்கு வரவேண்டும் போல இருக்கிறது” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குளிரில், ஆளுக்கொரு காரணத்தோடு, ஒரே வீட்டுக்காக ஏங்கிக்கொண்டு நின்றோம்.

என் ஆய்வின் திசை அந்தக் கடற்கரையில் திரும்பியது. அதுவரை வழிகளையும் விடுதிகளையும் பற்றி எழுத இருந்தேன். பிறகு, நடந்துபோன பெண்கள் எழுதாமல் விட்டவை எவை என்பதே என் கேள்வி ஆனது. மழை என்று ஒரு சொல் மட்டும் உள்ள நாளில் என்ன நடந்திருக்கும்? தோழியின் பெயர் திடீரென்று குறிப்புகளில் வராமல் போனால் அவள் எங்கே? கியோத்தோவின் நூலகங்களில் நூற்றுக்கணக்கான குறிப்புகளை அப்படித்தான் வாசித்தேன். பட்டம் கிடைத்தது.

அறுபதுகளின் நடுவில் ஊருக்குத் திரும்பினேன். அப்பா அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார். நான் படித்ததற்கு இலங்கையில் ஒரு வேலையும் இல்லை. பழைய பள்ளிக்கூடத்தில் மறுபடி ஆங்கிலம் படிப்பித்தேன். மாலையில் வாய்க்கால் பக்க யன்னலருகே கதிரையைப் போட்டு, யப்பானியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுரை எழுதினேன். ஊரில் அதை வாசிக்கக்கூடியவர் யாரும் இல்லை.

வந்த முதல் கிழமையே அம்மா கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன், கதவைத் திறந்த பெண்பிள்ளை வரைக்கும். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அறுதலி மாதிரி அந்த வாசலில இருந்தாளே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ? கொண்டு வா எண்டிருப்பன். எங்கட வீட்டில வளந்திருக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப அந்தப் பெட்டை தாயோட ஒட்டோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. நல்ல ஒட்டு.”

“அது போதும்” என்றார். ஆற்றைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

அடுத்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு எங்கள் பகுதியிலிருந்து சிலர் நடந்து போனார்கள். பஸ் இருந்தது. நேர்த்தி உள்ளவர்கள் நடந்தார்கள். அம்மா ஒரு பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“இத்தினை வருசமா நடந்த ஆக்களைப் பற்றிப் படிச்சாய். நீ நடந்திருக்கிறியோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நடந்ததில்லை.

பரந்தனில் திரும்பிக் கிழக்கே முல்லைத்தீவு வீதியில் நடந்தோம். இரண்டு பக்கமும் காடு, இடையிடையே புதிதாக வெட்டிய வெளி. முதல் நாள் மத்தியானமே என் குதிக்கால் கொப்பளித்துவிட்டது. அம்மா செருப்பில்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய நடை அவ்வளவு வேகமானது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் நடப்பதற்கு அவ்வளவு தூரம் இருந்ததில்லை.

விசுவமடுவில் ஒரு தேத்தண்ணிக்கடையில் இருந்தோம். முல்லைத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி எங்களுக்கு முன்னால் வண்டிலை நிறுத்தினார். என் காலைப் பார்த்துவிட்டு, “ஏறுங்கோ உம்மா, மகளால ஏலாது போல. அங்கைதான் போறன்” என்றார்.

“வேண்டாம் தம்பி, உங்கட மனசு போதும்” என்றார் அம்மா. “நாங்கள் நடக்கத்தான் வந்தனாங்கள்.”

அவர் போன பிறகு, நான் கேட்காமலே அம்மா கதைக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாளைப் பற்றி. நான் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். லொறியில் நெல் மூட்டைக்கு மேலே தனியே இருந்தாராம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர். லொறியை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் கேட்க வேண்டும் போல இருந்ததாம், கேட்கவில்லையாம். “நிப்பாட்டியிருந்தா இறங்கி நடந்து திரும்பிப் போயிருப்பன்” என்றார். “வீட்டுக் கிணத்தடியில ஒரு தேசி மரம். பூத்திருந்தது அண்டைக்கு.”

நான் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் பேசப் பேச, என் பழக்கம் போல இடையில் கேள்வி கேட்க வாய் எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். புதுக்குடியிருப்பு வரைக்கும், அதற்கு அப்பாலும், அம்மா கதைத்துக்கொண்டே வந்தார். சின்ன வயதில் கதிர்காமத்துக்குப் போன நடைக்கூட்டத்தின் பின்னால் ஊர் எல்லை வரை ஓடியது. கலியாணத்துக்கு முன் ஒருமுறை யாழ்ப்பாணத்து நாகர்கோயில் கடற்கரையில் தனியே நின்றது. எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். ஒன்றையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நந்திக்கடல் பக்கம் பறையொலி கேட்டது. சனம் தெரிந்தது, பொங்கல் புகை தெரிந்தது. மற்றவர்கள் கைகூப்பிக்கொண்டு விரைந்தார்கள். அம்மாவின் நடை மெதுவாகியது.

“என்ன அம்மா, ஏலாதோ?”

“ஏலும்.” பொட்டலத்தை மற்றத் தோளுக்கு மாற்றினார். “அதுக்குள்ள வந்திட்டுது. இன்னும் கொஞ்சம் தூரமா இருந்திருக்கலாம்.”

அந்த வருடக் கடைசியில் கியோத்தோவில் எனக்கு ஒரு சிறிய பதவி கிடைத்தது. போனேன். அங்கேயே என் தொழில் வளர்ந்தது. பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் வைகாசியில் வர முடிந்ததில்லை, அங்கே வகுப்புகள் நடக்கும் காலம் அது. அம்மா அடுத்தடுத்த வருடங்களில் என்னை விட்டுவிட்டு மற்றவர்களோடு நடந்தார் என்று சொன்னார்கள். இன்று அவர் இல்லை. மற்றவர்களுடைய எத்தனையோ பயணங்களுக்கு நான் உரை எழுதியிருக்கிறேன். சில நாட்களில் காலையில் எழும்போது குதிக்காலில் அந்த எரிவு இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் நல்லது என்று தோன்றும்.